புதுசு வாங்கச் சொல்றவங்களுக்கு ஒரு ஜீப்புக்காரன் பதில்

மலைக்கு வர்ற பட்டணத்துச் சொந்தக்காரங்க என் ஜீப்பைப் பார்த்துட்டு ரெண்டே ரெண்டு வார்த்தைதான் சொல்றாங்க. முதல்ல, "சூப்பரா இருக்கு சித்தப்பா, ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்." ஏறி நாலு வளைவு தாண்டினதும் ரெண்டாவது வார்த்தை வரும். "ஏன் சித்தப்பா இதைக் கட்டிக்கிட்டு அழுவுறீங்க? வித்துட்டு புதுசு ஒண்ணு வாங்கிருங்களேன்."

இந்த வருஷம் கியர் பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ், பின்னாடி கிரவுன் மூணையும் இறக்கி ரீகண்டிஷன் பண்ணி மாட்டினேன். அதைச் சொன்னதும் பேச்சு இன்னும் கூடிப்போச்சு. "செகண்ட்ஸ் சாமானை நம்பி மலையில ஆளை ஏத்துறீங்களா?"ன்னு ஒரு மருமகப்பிள்ளை கேட்டார். நல்ல பிள்ளை, ஐடி கம்பெனியில இருக்கார். அவர் முகத்துக்கு நேரா பதில் சொல்ல எனக்கு மனசு வரலை. அதனால இங்க சொல்றேன். கொஞ்சம் காரமா இருக்கும், பொறுத்துக்குங்க.

நான் இருக்கிறது கீழ்ப்பழனி மலை. காப்பி, மிளகு, நடுவுல மலைவாழை, எல்லாம் சேர்த்து மூணு ஏக்கர். வத்தலக்குண்டு ரோட்டுல இருந்து தோட்டத்துக்கு வர்ற கடைசி ரெண்டு கிலோமீட்டர் மண்ணும் பாறையும்தான். ஐப்பசி மழையில அந்தப் பாதையில டிராக்டரே திணறும். மூட்டை இறங்குறதும் ஜீப்புலதான், பாம்பு கடிச்சவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதும் ஜீப்புலதான். ஆகவே "ஆளை ஏத்துறீங்களா"ங்கிற கேள்வியை நீங்க கேக்குறதுக்கு முன்னாடியே நான் எனக்குள்ள கேட்டாச்சு.

இந்த மூணு சாமானும் என்னன்னு தெரியாம பேசுறதாலதான் "செகண்ட்ஸ்"ங்கிற வார்த்தை வருது. கியர் பாக்ஸ் எல்லா வண்டியிலயும் இருக்கு. டிரான்ஸ்பர் கேஸ் நாலு வீல் வண்டிக்கு மட்டும் உண்டான இன்னொரு பெட்டி. என்னோட பழைய மஹிந்திரா ஜீப்புல அது கியர் பாக்ஸ் முதுகுல ஒட்டிக்கிட்டு இருக்கும். இன்ஜின் இழுவையை பின் வீலுக்கு மட்டும் அனுப்பணுமா, முன் வீலுக்கும் சேர்த்து அனுப்பணுமான்னு பிரிச்சு விடுறது அதுதான். லோ கியரும் அதுக்குள்ளதான் இருக்கு. லோ போட்டா வண்டி ஆள் நடக்கிற வேகத்துல ஊர்ந்து போகும், இழுவை ஏறக்குறைய ரெண்டரை மடங்கு கூடும். கிரவுன் பினியன்ங்கிறது நீளவாக்குல வர்ற சுழற்சியைத் திருப்பி ரெண்டு பக்க வீலுக்கும் கொடுக்கிற பல்சக்கர ஜோடி.

இந்தப் பெட்டி ஒண்ணும் நேத்து வந்ததில்லை. ரெண்டாம் உலகப் போர்ல ஓடின வில்லிஸ் ஜீப்புல இருந்த டிரான்ஸ்பர் கேஸோட குடும்பம்தான் மஹிந்திரா ஜீப்புகள்ல பல வருஷம் ஓடுச்சு. கழட்டுறதுக்கும் மாட்டுறதுக்கும் வசதியா இருக்கணும்னே செஞ்சது. போர்க்களத்துல மரத்தடியில வச்சுப் பிரிச்சு மாட்டின சாமானை, இப்ப ஏசி ஷோரூம்ல உட்கார்ந்துக்கிட்டு "இதையெல்லாம் ரிப்பேர் பண்ண முடியாது சார்"னு சொல்றாங்க.

என் டிரான்ஸ்பர் கேஸைத் திறந்தப்ப நான் பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ள நடுவுல ஒரு ஷாஃப்ட் இருக்கு. அது மேல ஊசி ஊசியா நீடில் பேரிங், அதுக்கு மேல நடு கியர். முப்பது வருஷ ஓட்டத்துல அந்த ஷாஃப்ட்டுல நகம் மாட்டுற அளவுக்குப் பள்ளம். பேரிங் ஊசியெல்லாம் நிறம் மாறிப்போச்சு. ஆயில் சீல் செத்து ஒழுகல். தேய்மானம் அவ்வளவுதான். வார்ப்பு இரும்புப் பெட்டி அப்படியே இருக்கு. கியர் பல்லு ஒண்ணுகூட சிதையலை. பெட்டியைத் தூக்க ரெண்டு ஆள் வேணும், தேய்ஞ்ச சாமானெல்லாம் சேர்த்தா ஒரு மஞ்சப்பையில அடங்கிருச்சு. அந்த மஞ்சப்பைக்காக முழு வண்டியையும் தூக்கிப் போடணுமாம்!

சரி, பழசைப் புதுப்பிச்சு ஓட்டுறது ஏழை பிழைப்புன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு கேள்வி. ஊட்டிக்குப் போய் மலை ரயில்ல ஏறி செல்ஃபி எடுக்கிறீங்களே, 2005ல யுனெஸ்கோ அங்கீகாரம் கொடுத்த ரயில். அதுக்காக சுவிட்சர்லாந்துல செஞ்ச நீராவி இன்ஜின்கள் 1914ல இருந்து வந்தது. திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப்புல அக்கக்காப் பிரிச்சு, தேய்ஞ்சதை மாத்தி, திரும்ப மலை ஏத்தினாங்க. அந்த ரயில்ல பிள்ளைகுட்டியோட உட்காரும்போது "செகண்ட்ஸ் சாமானா?"ன்னு யாராவது கேட்டீங்களா? நீங்க சிங்கப்பூர் போற விமானத்தோட இன்ஜினையும் குறிப்பிட்ட ஓட்டத்துக்கு அப்புறம் கழட்டிப் பிரிச்சு ஓவர்ஹால் பண்ணித்தான் மாட்டுறாங்க. நம்ம அரசு பஸ் கழகத்துல ரீகண்டிஷனிங் யூனிட்டுன்னே தனியா இருக்கு. ரயிலுக்கும் விமானத்துக்கும் பஸ்ஸுக்கும் சரியா இருக்கிற வேலை, விவசாயி ஜீப்புக்கு வந்ததும் "ஒப்பேத்துற வேலை" ஆயிருதா?

இப்ப அடுத்த பக்கம். ரீகண்டிஷன்னு போர்டு மாட்டி ஏமாத்துறவன் இல்லையான்னு கேட்டா, இருக்கான். நிறையவே இருக்கான். பழைய பெட்டியை டீசல்ல கழுவி, வெள்ளி பெயின்ட் அடிச்சு, கேஸ்கெட் ஓரமா சிலிக்கான் பசையைப் பிதுக்கி வச்சிருப்பான். சத்தம் அடங்குறதுக்கு உள்ள கிரீஸைத் திணிப்பான், மரத்தூள் போடுறவனும் உண்டு. ஒடிஞ்ச பல்லுக்கு வெல்டிங் வச்சு கிரைண்டர்ல ராவி விடுவான். கியர் பல்லுக்கு மேல் தோல் மட்டும்தான் கடினமா இருக்கும், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம். வெல்டிங் சூட்டுல அந்தக் கடினமெல்லாம் போயிரும். அந்தப் பல்லு எத்தனை மழையைத் தாங்கும்? பெயின்ட் அடிச்சு விக்கிறவனும், ரீகண்டிஷனே மோசடின்னு சொல்ற ஷோரூம்காரனும் வேற வேற ஆள்னு நினைக்காதீங்க. ஒருத்தன் பண்ற வேலைதான் இன்னொருத்தனுக்கு விளம்பரம். நடுவுல மாட்டிக்கிட்டு சாகுறது, கையில மைக்ரோமீட்டர் வச்சுக்கிட்டு ஒழுங்கா வேலை பார்க்கிற மெக்கானிக்தான்.

மேல் தோட்டத்துக்காரர் ஒருத்தர் கதை இது. அவர்கிட்ட பழைய சிஜே வகை ஜீப். பின்னாடி கிரவுன் உறுமுதுன்னு கீழே ஒரு பெரிய ஊர்க் கடையில எக்ஸ்சேஞ்ச் பண்ணினார். பழைய அச்சைக் கொடுத்துட்டு "ரீகண்டிஷன்" அச்சை மாட்டிக்கிட்டு வந்தார். ரோட்டுல வண்டி முன்னைவிட வேகமாப் போகுதுன்னு ஒரே சந்தோஷம். எங்க மெக்கானிக் பாய் மட்டும் "வேகமாப் போகுதா? ஏன் போகணும்?"னு கேட்டார். காது கொடுத்து யாரும் கேக்கலை. முதல் மழையில மூட்டையோட நாலு வீல் போட்டு ஏறினார். சேத்துல வீல் வழுக்கிக்கிட்டே போனதால ஒண்ணும் தெரியலை. கான்கிரீட் போட்ட ஏத்தத்துக்கு வந்ததும் டமார்னு ஒரு சத்தம்.

காரணம் எளிசு. அவர் முன்னச்சுல கிரவுன் 43 பல்லு, பினியன் 8 பல்லு. அதாவது 5.38. கடைக்காரன் பின்னாடி மாட்டினது 39க்கு 8, அதாவது 4.88. முன் வீல் நூறு சுத்து சுத்தும்போது பின் வீல் நூத்திப் பத்து சுத்தணும்னு துடிக்குது. ஒரே வண்டியில ரெண்டு மாட்டையும் வேற வேற வேகத்துல ஓட்டின மாதிரி. நாலு வீல் போடாத வரைக்கும் இது வெளிய தெரியவே தெரியாது. கடைக்காரனுக்கு அது தெரியாதா? நல்லாத் தெரியும். "நான் கொடுத்த அச்சு நல்லாத்தானே இருக்கு, உடைஞ்சது உங்க டிரான்ஸ்பர் கேஸ்"னு சொல்லிட்டான். பேச்சுக்கு அது உண்மைதான், என்ன பண்றது.

இதைப் பார்க்க லேத் வேண்டாம், படிப்பும் வேண்டாம். வண்டியை நியூட்ரல்ல விட்டு, மத்த வீலுக்கெல்லாம் கல்லு வச்சு, பின்னாடி ஒரு பக்க வீலை மட்டும் ஜாக்கில தூக்குங்க. அந்த வீலை சரியா ரெண்டு சுத்து கையால சுத்துங்க. ஜாயின்ட் ஷாஃப்ட்டுல சாக்பீஸ் கோடு போட்டு, அது எத்தனை சுத்துதுன்னு எண்ணுங்க. அஞ்சரைக்குக் கொஞ்சம் கம்மின்னா 5.38. அஞ்சை எட்டாம நின்னா 4.88. முன்னாடியும் அதே மாதிரி பண்ணுங்க, ஹப் லாக் இருந்தா அதைப் போட்டுட்டு. ரெண்டும் ஒத்துப்போகலைன்னா பணத்தை எண்ணி வைக்காதீங்க.

எக்ஸ்சேஞ்ச் பத்தி என் கட்சி இதுதான்: கூடுமானவரை உங்க பெட்டியையே பிரிச்சு வேலை பார்க்கச் சொல்லுங்க. காப்பிப் பழம் பறிக்கிற மார்கழி, தை மாசத்துல வண்டி நாலு நாள் நின்னா கஷ்டம்தான், ஒத்துக்கிறேன். ஆனா உங்க பெட்டி எப்படி ஓடுச்சுன்னு உங்களுக்குத் தெரியும். கடைக்காரன் தர்ற பெட்டி எந்தக் கல்குவாரியில கிடந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? அவசரத்துக்கு எக்ஸ்சேஞ்ச் எடுத்தே ஆகணும்னா, மேல் மூடியை உங்க கண்ணு முன்னாடி திறந்து காட்டச் சொல்லுங்க. திறக்க மாட்டேன், வாரன்டி போயிரும்னு சொன்னா வந்த வழியே திரும்பிருங்க.

பாய் எதை மாத்தினார், எதை விட்டார்ங்கிறதையும் சொல்லணும். பேரிங், சீல், சிங்க்ரோ ரிங், ஜாயின்ட் கிராஸ், லாக் வாஷர், ஸ்பிளிட் பின், கிளட்ச் ரிலீஸ் பேரிங் இதெல்லாம் கேள்வியே இல்லாம புதுசு. பழசைக் கழுவி மாட்டுற பேச்சே கிடையாது. கிரவுனும் பினியனும் ஜோடியாத்தான் மாத்தணும், ஏன்னா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ராவி இணை சேர்த்தது. ஒண்ணை மட்டும் மாத்தினா ஒரு மாசத்துல உறும ஆரம்பிக்கும். புது ஜோடியை மாட்டி, பல்லுல சாயம் தடவி, கையால சுத்தி, அச்சு பல்லோட நடுவுல விழுற வரைக்கும் ஷிம் போடுறதும் எடுக்கிறதுமா அரை நாள் போச்சு. பார்த்துக்கிட்டிருந்த எனக்கே பொறுமை போயிருச்சு. "இதை அவசரப்படுத்தினா அப்புறம் நீங்கதான் ரோட்டுல உட்காரணும் அண்ணே"ன்னார். பின்னாடி ஒரு ஆக்சில் ஷாஃப்ட்டுல முனைப்பல்லு லேசா முறுக்கி இருந்துச்சு. ஓடுமேன்னு நான் சொன்னதுக்கு அதை எடுத்துத் தூரப் போட்டுட்டார். பிரேக் சாமானிலயும் அப்படித்தான், பழசே கூடாதுங்கிறது அவர் சட்டம்.

அந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கு. மலை இறக்கத்துல பிரேக்கை மட்டும் மிதிச்சுக்கிட்டே வந்தா டிரம் சூடாகி, ஒரு கட்டத்துல பிரேக்கே பிடிக்காது. லோ கியர் போட்டு இன்ஜின் பிடியிலதான் இறங்கணும். தேய்ஞ்ச டிரான்ஸ்பர் கேஸ் சரியா அந்த நேரத்துல தானாக் கழண்டு நியூட்ரலுக்கு நழுவும். போதாக்குறைக்கு இந்தப் பழைய ஜீப்புகள்ல ஹேண்ட் பிரேக் டிரம் வீல்ல இல்லை, டிரான்ஸ்பர் கேஸ் பின்னாடிதான் உட்கார்ந்திருக்கு. ஜாயின்ட் கிராஸ் ஒடிஞ்சாலோ ஆக்சில் ஒடிஞ்சாலோ ஹேண்ட் பிரேக்கும் கூடவே போச்சு. அதனால தேய்ஞ்ச பெட்டியோட "இன்னும் ஒரு சீசன் ஓட்டலாம்"னு ஓட்டுறவங்ககிட்டயும் எனக்குச் சண்டை இருக்கு. எங்க ஊர்லயே அப்படி பத்துப் பேர் இருக்காங்க. அவங்க இதைப் படிக்க மாட்டாங்க, நேர்ல சொல்லிக்கிறேன்.

அடுத்து ஷோரூம். கியர் பாக்ஸுக்கு ஒரு சின்ன ஷாஃப்ட் வேணும்னு பெரிய டீலர் ஒருத்தர்கிட்ட போனேன். பேரு வேண்டாம். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துட்டு "அது தனியா வராது சார், அசெம்பிளியாத்தான் வரும்"னாங்க. அசெம்பிளி இருக்கான்னு கேட்டேன். "அதுவும் நிறுத்திட்டாங்க. புது மாடல் பார்க்கிறீங்களா, டெஸ்ட் டிரைவ் போலாம்"னு சொல்லி காப்பி கொடுத்தாங்க. காப்பி விளைவிக்கிறவனுக்குக் கொடுக்கிற காப்பியா அது! அப்புறம் அந்த ஷாஃப்ட்டை பாய்தான் கோயம்புத்தூர் பக்கம் சொல்லி வச்சு நாலு நாள்ல வரவழைச்சார்.

2022 டிசம்பர்ல மத்திய அரசு ரிப்பேர் செய்யும் உரிமைக்குன்னு ஒரு இணையதளம் தொடங்குச்சு. வண்டி, விவசாயக் கருவி ரெண்டும் அந்தப் பட்டியல்ல இருக்கு. நல்ல விஷயம்தான். ஆனா அந்த உரிமை எனக்கு வேண்டியது சின்ன சாமான் ரூபத்துல, பார்ட்ஸ் கடை கவுன்டர்ல. இன்னொண்ணும் சொல்லிர்றேன். 2025 செப்டம்பர்ல ஜிஎஸ்டி குறைச்சப்ப டிராக்டர் பார்ட்ஸுக்கு 5 சதவீதம் ஆக்கினாங்க, கார் ஜீப் பார்ட்ஸுக்கு 18. டிராக்டர் ஏற முடியாத மேட்டுல விவசாயம் பண்றவனுக்கு ஜீப்புதான் டிராக்டர். அவன் ஜீப்பு பேரிங்குக்கு 18 சதவீதம் கட்டணும், ஏன்னா கணக்குல அது உல்லாச வண்டி.

புகையைப் பத்திக் கேக்குறவங்களுக்கும் பதில் இருக்கு. பிஎஸ் 6 வண்டி என் வண்டியைவிடப் புகை கம்மியா விடும், அதை மறுத்துப் பேச எனக்கு வாய் இல்லை. ஆனா நான் வருஷத்துக்கு ஓட்டுறது நாலாயிரம் கிலோமீட்டருக்குள்ள. நீங்க சென்னையில ஆபீஸுக்குப் போய் வர்றதே அதைவிட அதிகம். ஒரு புது வண்டி செய்யறதுக்கு இரும்பு உருக்கி, அலுமினியம் உருக்கி, கப்பல்ல சாமான் ஏத்தி இறக்கிற புகையை யார் கணக்குல எழுதுறது?

மொத்தச் செலவு 71,000 ரூபாய். கியர் பாக்ஸ் 24,000, டிரான்ஸ்பர் கேஸ் 14,000, கிரவுன் பினியன் பேரிங்கோட 23,000, கழட்டி மாட்டுற கூலி 10,000. எனக்கு அது சின்னப் பணம் இல்லை, மிளகு வித்த காசு. புது நாலு வீல் வண்டி பத்து லட்சத்தைத் தாண்டி நிக்குது. மூணு ஏக்கர் காப்பித் தோட்டத்துக்காரன் அந்தக் கடனுக்குத் தவணை கட்ட ஆரம்பிச்சா, அஞ்சாவது வருஷம் வண்டி இருக்கும், தோட்டம் இருக்காது. இப்படி தோட்டத்தை வித்தவங்க இடத்துலதான் இப்ப நீங்க வந்து தங்குற ரிசார்ட் நிக்குது. மருமகப்பிள்ளை கோவிச்சுக்க வேண்டாம், பொதுவாச் சொல்றேன்.

ரீகண்டிஷன் பண்ணலாம்னு யாராவது முடிவெடுத்தா ஆயில் விஷயத்தைக் கவனிங்க. சிங்க்ரோ ரிங் பித்தளை வகை. கிரவுனுக்கு ஊத்துற ஜிஎல் 5 ஆயில்ல இருக்கிற கந்தகச் சரக்கு அதை அரிக்கும். கியர் பாக்ஸுக்கு ஜிஎல் 4, கிரவுனுக்கு ஜிஎல் 5ன்னு தனித்தனியா வாங்குங்க. "எல்லாம் 90 நம்பர் ஆயில்தான்"னு கடைக்காரன் சொன்னா டப்பாவைத் திருப்பிப் படிச்சுப் பாருங்க. நாலு வீலை தார் ரோட்டுல போட்டு ஓட்டாதீங்க. வளைவுல முன் வீல் அதிக தூரம் சுத்தணும், பெட்டி அதை விடாது, முறுக்கு ஏறி எங்கயாவது ஒடியும். வார விடுமுறைக்கு வாடகை வண்டியில வர்ற பசங்க எல்லாரும் கொடைக்கானல் ரோட்டுல இதைத்தான் பண்றாங்க.

முதல் ஆயிலை 500 கிலோமீட்டர்லயே வடிச்சிருங்க. வடிச்சதைக் கீழே கொட்டாம ஒரு வெள்ளைத் துணி மேல கொஞ்சம் ஊத்திப் பாருங்க. திருநீறு மாதிரி நைஸா சாம்பல் தூள்னா சரிதான், புதுப் பல்லு படியிற தூள் அது. நகவெட்டு மாதிரி சில்லு தெரிஞ்சா அன்னைக்கே வண்டியைக் கடைக்குத் திருப்புங்க. என் ஜீப்புல போன ஞாயித்துக்கிழமை மூணு பெட்டியிலயும் வடிச்சுப் பார்த்தேன். வெறும் தூள்தான்.